ஒரு குடம் நீரும் ஒரு கேள்வியும்



நம் விடுதி உணவுக்கூடத்தின் மூலையில் நீரைத் தூய்மைப்படுத்தும் கருவி ஒன்று சுவரோடு சுவராக நிற்கிறது. நாள்தோறும் மும்முறை அதன் முன் நிற்கிறோம்; குவளையை நீட்டுகிறோம்; குடிக்கிறோம்; போகிறோம். ஒரு நாள் அது பழுதுபட்டால் விடுதிக் காப்பாளரிடம் முறையிடக் கூட்டமாகச் செல்கிறோம். அந்தக் கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அது எதை நீக்குகிறது, எதை நீக்காமல் விடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பொறியியலும் வேதியியலும் படிப்போர் நிறைந்த சங்கம் இது. ஆயினும் சென்ற ஆண்டுவரை நானும் கேட்டதில்லை. நானோ பொருள்களைக் கொண்டு நீரைத் தூய்மைப்படுத்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் மாணவன் நான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கேட்க வைத்தவர் ஒரு மூதாட்டி.

சென்ற குளிர்காலத்தில், உடன் ஆராயும் வங்க நண்பர் ஒருவரோடு நதியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குப் போயிருந்தேன். நண்பரின் தாய்வழி உறவினர் ஊர் அது. ஊர் நடுவே ஓர் அடிகுழாய். அதன் கழுத்தில் முன்னொரு காலத்தில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள்; இந்நீர் குடிக்க ஆகாது என்பதற்கு அடையாளம் அது. சாயம் மங்கிவிட்டது. நீரோ மங்கவில்லை. கண்ணாடி போலத் தெளிந்து, கையில் ஏந்தினால் விரல் ரேகை தெரியும்படி ஒழுகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் பின்புறத்தில் ஆர்செனிக்கை நீக்குவதற்காக வைத்த எந்திரம் ஒன்று நின்றது. அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. அதன் குழாயைத் திருகிப் பார்த்தேன்; காற்றுக்கூட வரவில்லை.

நண்பரின் உறவினரான மூதாட்டி தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கரடுதட்டிய தோல்; மிளகு மிளகாக முடிச்சுகள். மார்பிலும் தோளிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளிகள். நான் என் ஆராய்ச்சியைப் பற்றி, நண்பர் மொழிபெயர்க்க, ஆர்வத்தோடு சொல்லத் தொடங்கினேன். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், அதன் ஆற்றல், அது நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எல்லாம் சரி, பாபா. இது எத்தனை நாளைக்கு ஓடும்?”

என்னிடம் விடை இல்லை. “பார்த்துச் சொல்கிறேன், மாஷிமா” என்று சொல்லிவிட்டு மாலை வண்டி ஏறினேன். அன்றுமுதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனை உங்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

கலங்கிய நீரைக் கண்டு அஞ்சுவதற்கு மனிதனுக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. கலித்தொகையிலேயே அது உவமையாக வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்க நம் முன்னோர் வழி கண்டார்கள். ஆனால் தெளிந்த நீரே நஞ்சாக இருந்தால் என் செய்வது? ஆர்செனிக் கலந்த நீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. வெள்ளைப் பாடாணம், தாளகம், மனோசிலை என்று நம் சித்த மருத்துவர்கள் பெயரிட்டு அஞ்சி ஆண்ட பொருள்களில் எல்லாம் உறைவது இந்த ஆர்செனிக்தான். காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடவே செய்யும். கிருமிகளைக் கொல்லும் புறஊதா விளக்கும் இதனைத் தொடாது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. நம் நாட்டுத் தர அளவும் இன்று அதுவே. 10 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு! அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் தோல் கெடுகிறது. பின்னர் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று உண்டாக வழி ஏற்படுகிறது.

இக்கொடுமை எங்ஙனம் நேர்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது. தீய நோக்கத்தால் நேர்ந்தது அன்று. நல்ல நோக்கத்தால் நேர்ந்தது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து, வாந்திபேதியால் குழந்தைகள் மடிவதைக் கண்டு, நிலத்தடி நீரே தூயது என்று நம்பி, 1970களில் கங்கைச் சமவெளி எங்கும் அடிகுழாய்கள் இறக்கப்பட்டன. கிருமிகளைப் பொறுத்தமட்டில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் ஆர்செனிக் உண்டா என்று அந்நாளில் யாரும் பார்க்கவில்லை. 1983 ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்த சிற்றூர் மக்களின் தோலைக் கண்டு, இது குடிநீரால் வந்த ஆர்செனிக் நோய் என்று கண்டறிந்தார். அதன்பின் யாதவபுரம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தீபங்கர் சக்கரவர்த்தி, 2018 இல் மறையும்வரை, ஊர் ஊராகச் சென்று நீரையும் நகத்தையும் முடியையும் சோதித்து இந்த உண்மையை உலகறியச் செய்தார். மால்டா, முர்சிதாபாத், நதியா, இரு 24 பர்கானா மாவட்டங்கள் என்று தொடங்கிய பட்டியல், பீகாரத்துப் போஜ்பூரையும் உத்தரப் பிரதேசத்துப் பலியாவையும் தொட்டு நீண்டது.

நிலத்தின் அடியில் ஆர்செனிக் எப்படி வந்தது? ஆலைக்கழிவு அன்று, இயற்கையே கொண்டுவந்தது. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த வண்டலில், ஒவ்வொரு மணலின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கிறது. அந்தப் போர்வை ஆர்செனிக்கைப் பற்றி வைத்திருக்கிறது. வண்டலோடு புதைந்த இலைதழை மக்கும்போது உயிர்வளி தீர்ந்துபோகிறது. அப்போது சில நுண்ணுயிர்கள் அந்த இரும்பையே பயன்படுத்தி வாழத் தொடங்குகின்றன. இரும்பு கரைகிறது, அது பற்றியிருந்த ஆர்செனிக்கும் நீரில் கலக்கிறது. சிறைக்காவலன் கரைந்துபோக, கைதி வெளியேறிய கதை இது. இந்தக் காவலனை மறவாதீர்கள். அவனிடமே மீண்டும் வரப்போகிறோம்.

இனி நானோ பொருள்களுக்கு வருவோம். இச்சொல்லைக் கேட்டவுடனே சிலர் வாய்பிளக்கிறார்கள். சிலர் இது வாணிகரின் புதுப் பசப்பு என்று நகைக்கிறார்கள். இரண்டும் வேண்டா. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால்தலையின் அளவு. அதனையே பக்கத்திற்கு 1 நானோமீட்டர் உள்ள கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். பொருள் அதே பொருள், எடை அதே எடை. பரப்புமட்டும் தபால்தலையிலிருந்து கழனியாக விரிந்துவிட்டது. நஞ்சு வந்து ஒட்டிக்கொள்வது மேற்பரப்பில்தான். ஆகவே பரப்பு பெருகினால் பிடிக்கும் ஆற்றலும் பெருகும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மிளகை முழுதாகப் போடுவதற்கும் பொடித்துப் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நம் தாய்மார்களுக்கு இது விளங்கும்.

இத்துறையில் நம் நாட்டில் பெரும்பணி செய்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் தலப்பில் பிரதீப். கேரளத்துச் சிற்றூரில் 1963 இல் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1993 முதல் சென்னையில் பணிபுரிபவர். வெள்ளி, பொன் ஆகியவற்றின் நுண்துகள்கள் எண்டோசல்பான் போன்ற பூச்சிக்கொல்லிகளை நீரிலிருந்து பிடிக்க வல்லன என்று அவரும் அவர் மாணவரும் 2003 ஆம் ஆண்டளவில் காட்டினர். அந்த அடிப்படையில் அமைந்த வடிகட்டி 2007 இல் கடைக்கே வந்தது. 2013 இல் அவர் குழு மற்றொரு பொருளை வெளியிட்டது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் சிட்டோசானும், அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடும் சேர்ந்து மணல் போன்ற குருணையாகின்றன. அதனுள் வெள்ளி நுண்துகள் பொதிந்திருக்கிறது. உலை வேண்டா, சூடு வேண்டா. அறை வெப்பத்தில் நீரிலேயே உருவாகிறது. கிருமி நீங்கிய நீரை ஒரு குடும்பத்திற்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 2.5 அமெரிக்க டாலர் செலவில் தரலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

ஆர்செனிக்கிற்கு அவர்கள் கண்ட மருந்து இன்னும் வியப்புக்குரியது. 2017 இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் பயன்பட்ட பொருள் இரும்பின் ஆக்சிஹைட்ராக்சைடு. ஆம், நிலத்தடியில் கரைந்துபோன அதே காவலனைத்தான் மேலே மீண்டும் பணியில் அமர்த்தியிருக்கிறார்கள்! ஃபெரிஹைட்ரைட் என்னும் இவ்வடிவம் ஆர்செனிக்கைப் பற்றுவதில் வல்லது. ஆனால் நிலையற்றது. நாளடைவில் வேறு படிகமாக மாறி, பரப்பு சுருங்கி, ஆற்றல் இழந்துவிடும். அதனை உயிரிப் பலபடிப் பொருளால் ஆன நுண்கூட்டுக்குள் அடைத்து, மாறாமல் நிறுத்தி வைத்ததே இவர்கள் செய்த அருஞ்செயல். நீரில் ஆர்செனிக் இரு வடிவில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் உடையது, மற்றொன்று இல்லாதது. மின்னேற்றம் இல்லாததைப் பிடிப்பது கடினம். இப்பொருள் இரண்டையும் பிடிக்கிறது. இதற்கு ‘அம்ரித்’ என்று பெயர் சூட்டினார்கள். வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனால் பயன் பெறுவதாகக் கூறப்படுகிறது. 2020 இல் பத்மஸ்ரீயும் நிக்கேய் ஆசியப் பரிசும், 2022 இல் இளவரசர் சுல்தான் பன்னாட்டு நீர்ப் பரிசும் அவரை வந்தடைந்தன.

பரிசுகளைப் பாராட்டுவதற்காக நான் இவற்றை எழுதவில்லை. இந்த வேலையில் நாம் கற்கவேண்டியது வேறு. மலிவான இரும்பைத் தேர்ந்தார்கள். கழித்தெறியும் நண்டு ஓட்டைத் தேர்ந்தார்கள். நெருப்பு வேண்டாத முறையைத் தேர்ந்தார்கள். ‘இதனை யார் வாங்குவார், யார் பயன்படுத்துவார்’ என்ற எண்ணம் ஆராய்ச்சியின் இறுதியில் ஒட்டவைத்ததாக இல்லை, தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. எத்தனை நாள் நிலைக்கும் என்பதே அவர்கள் ஆய்ந்த பொருளாக இருந்திருக்கிறது.

இப்போது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நான் ஆக்கிய பொருள் ஆர்செனிக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கியது என்று பெருமையோடு கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். எந்த நீரில்? காய்ச்சி வடித்த நீரில், நானே அளந்து கலந்த ஆர்செனிக்கை! அந்த ஊர்க் குழாயிலிருந்து இரண்டு புட்டி நீர் கொண்டுவந்து அதே பொருளை இட்டுப் பார்த்தேன். பாதிகூடத் தேறவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. கிணற்று நீரில் பாஸ்பேட் உண்டு, சிலிகேட் உண்டு, பைகார்பனேட் உண்டு. ஆர்செனிக் உட்கார வேண்டிய இடத்தில் இவை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. திருவிழா நாளில் ரயில் பெட்டிக்குள் இடம்பிடிக்கும் கதைதான். காலியான பெட்டியில் ஒருவனை உட்காரவைத்து, ‘பார், எவ்வளவு எளிதாக இடம் கிடைக்கிறது’ என்று காட்டியவன் நான். என்னைப் போன்றோர் பலர் இருக்கின்றனர் என்று அஞ்சுகிறேன்.

இங்கே ஒரு நண்பர் இடைமறிப்பார். “ஆராய்ச்சியாளன் வேலை கண்டுபிடிப்பது. அதை ஊரில் நிறுவுவதும், பழுது பார்ப்பதும் அரசின் வேலை. ஒருவனே எல்லாவற்றையும் செய்ய முடியுமா?” முடியாதுதான். ஆனால் பகிர்ந்துகொண்டதாக எண்ணி, இருவரும் கைவிட்ட இடத்தில்தான் பூசணிக்கொடி படர்கிறது. ஊகமாகச் சொல்லவில்லை. தெற்கு 24 பர்கானாவில் பாருய்ப்பூர்ப் பகுதியில், 11 நிறுவனங்கள் செய்த 18 ஆர்செனிக் நீக்கும் எந்திரங்களை இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்து, அதன் முடிவை 2005 இல் வெளியிட்டார்கள் யாதவபுரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்புக்குள் நீரை முழுக் காலமும் வைத்திருந்த எந்திரம் ஒன்றுகூட இல்லை! அந்நாளில் நம் நாட்டில் இருந்த 50 மைக்ரோகிராம் என்ற தளர்ந்த வரம்பையாவது காத்தவை இரண்டே. அவ்வெந்திரங்களைச் செய்தவர்கள் வேதியியல் அறியாதவர்களா? அறிந்தவர்களே. பொருள் தோற்றது பாதி. பேணுதல் தோற்றது பாதி. வடிகட்டியை எப்போது கழுவுவது, யார் கழுவுவது, பொருள் நிறைந்துவிட்டதை எப்படி அறிவது, அறிந்தால் யாரிடம் சொல்வது? இவற்றுக்கு விடை இல்லாத வடிகட்டி, விடை இல்லாத தேர்வுத்தாளைப் போன்றது. தாள் எவ்வளவு உயர்ந்ததாயினும் மதிப்பெண் இல்லை.

இன்னொரு கேள்வி, அதைவிடக் கூர்மையானது. நீரிலிருந்து பிடித்த நஞ்சு எங்கே போகிறது? பொருள் நஞ்சைப் பிடிக்கிறதே ஒழிய அழிப்பதில்லை. ஆர்செனிக் ஒரு தனிமம். அதனை அழிக்க எந்த வடிகட்டியாலும் இயலாது. நிறைந்த பொருளைப் பெண்கள் வீட்டுக் கொல்லையில் கொட்டினால், குழாயிலிருந்து எடுத்த நஞ்சைக் கீரைப்பாத்திக்கு மாற்றியவர்கள் ஆவோம். வெள்ளித் துகள் பொதிந்த வடிகட்டியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்து வெள்ளி சிறிதளவு நீரில் கசிந்தால்தான் கிருமி சாகும். மிகுந்து கசிந்தால் கேடு. 2013 ஆம் ஆண்டுப் பணியில் அந்தக் கசிவை, குடிநீருக்கு வகுத்த வரம்பின் பாதிக்கும் கீழே கட்டிவைத்துக் காட்டினார்கள். இந்த அக்கறைதான் ஆராய்ச்சிக்கு அழகு. நாம் எழுதும் ஆய்வேடுகளில் ‘எவ்வளவு பிடித்தது’ என்ற அதிகாரம் இருக்கிறது. ‘பிடித்தபின் என்ன செய்வது’ என்ற அதிகாரம் இருக்கிறதா?

மூன்றாவது நண்பர் ஒருவர் உண்டு. அவர் பழமையை விரும்புபவர். “நானோவும் வேண்டா, ஒன்றும் வேண்டா. மழைநீரைப் பிடி, ஆற்றுநீரை வடிகட்டிக் குழாயில் விடு, போதும்” என்பார். அவரோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். நஞ்சற்ற ஊற்று அருகில் இருக்கையில் நஞ்சுள்ளதை இறைத்துத் தூய்மை செய்வது அறிவுடைமை ஆகாது. நம் தமிழ்நாட்டில் 2003 இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் புளோரைடு தலைமுறை தலைமுறையாகப் பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்துவந்தது. அங்கே காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டம் 2013 இல் செயலுக்கு வந்தது. இவை பெரும்பணிகள், வணங்கத்தக்கவை. ஆனால் பெருங்குழாய் வந்துசேரப் பல்லாண்டு ஆகும். புளோரைடு நோயை 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலேயே கண்டு எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் நீர் தருமபுரிக்கு வர எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தை எதைக் குடித்தது? தாகம் திட்டத்திற்காகக் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் வைக்கத்தக்க பாலமே வீட்டு வடிகட்டி. பாலம் என்று அறிந்து செய்தால் நானோ பொருள் நற்பொருள். ஊரே இதுதான் என்று விற்றால் அது பசப்பு.

தோழர்களே, குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்கு உடன்பாடு அன்று. நம் சங்கத்தின் ஆற்றலுக்கு உட்பட்ட மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம்முள் நீரைப்பற்றி ஆராயும் ஒவ்வொருவரும், தம் ஆய்வேட்டில் ஒரு கிணற்றின் நீரையாவது சோதித்து, அதன் முடிவு எவ்வளவு தாழ்ந்ததாயினும் மறையாது எழுதுவோம் என்று உறுதி கொள்ளவேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த பெருமையைவிடக் கிணற்று நீரில் கிடைத்த சிறுமை பயன் உடையது. பின்னால் வருபவனுக்கு அதுவே வழிகாட்டி.

இரண்டாவது, சங்கத்தின் சார்பில் அரையாண்டுக்கு ஒரு நாள், அருகிலுள்ள சிற்றூர்க் குழாய்களைச் சோதிக்கப் புறப்படுவோம். ஆர்செனிக்கை இடத்திலேயே சோதிக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. ஐயமான மாதிரியை ஆய்வகத்தில் மீண்டும் பார்க்கலாம். முடிவை வங்க நண்பர் துணையோடு அவ்வூரார் மொழியில் சொல்லவேண்டும். நாம் இந்த மண்ணின் சோற்றைத் தின்று படிக்கிறோம். பொங்கலும் பாரதி விழாவும் நடத்துவதோடு இம்மண்ணுக்கும் நமக்கும் உள்ள கணக்கு தீர்ந்துவிடுமா? வடிகட்டி தருகிறோம், நோயைத் தீர்க்கிறோம் என்று வாக்குக் கொடுக்கவேண்டா. எந்தக் குழாய் நன்று, எந்தக் குழாய் தீது என்று சொல்லி, மங்கிப்போன சாயத்தை மீண்டும் பூசிவிட்டு வந்தால் அதுவே ஒரு தொடக்கம்.

மூன்றாவது, பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் திரும்பும்போது, முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவதோடு, தம் ஊர்க் கிணற்று நீரில் ஒரு புட்டியும் கொண்டுவர வேண்டும். தருமபுரியினரும் சேலத்தாரும் கட்டாயம் கொண்டுவருக. புளோரைடை அளப்பது நம் ஆய்வகத்தில் சில மணித்துளி வேலை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நன்று. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டு அளவு. அதற்கு மேற்பட்டால் வீட்டாருக்கு எழுதுங்கள். படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு புளோரைடை நீக்க நாகபுரி ஆய்வுக்கூடத்தார் வகுத்த நல்கொண்டா முறையை, நம் அன்னையர் படித்துணரும் எளிய தமிழில் இவ்விதழிலேயே ஒருவர் எழுதவேண்டும். அறிவியலைத் தமிழில் எழுத இயலுமா என்று மேடைதோறும் வாதிடுகிறோம். குடிநீரைப்பற்றி ஒரு பக்கம் எழுதிக்காட்டினால் அந்த வாதம் அன்றே முடியும்.

இவற்றையெல்லாம் செய்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்குக் கடன் இருக்கிறது, ஊரில் தங்கையின் திருமணம் இருக்கிறது, வீட்டார் நம்பியிருக்கிறார்கள். எல்லோரும் சிற்றூர்க்குச் சென்று குழாய் பழுது பாருங்கள் என்று நான் அறம் உரைக்க வரவில்லை. நானே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் போகுமிடம் எதுவாயினும், செய்யும் பொருள் எதுவாயினும், ‘இது எத்தனை நாள் ஓடும், ஓடி முடிந்தபின் யார் பார்ப்பார்?’ என்ற கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம் அல்லவா? அதற்குக் கூலியும் இல்லை, செலவும் இல்லை.

வள்ளுவர் தம் நூலில் கடவுளை வாழ்த்திய கையோடு அடுத்த அதிகாரமாக மழையை வைத்தார். அறமும் பொருளும் இன்பமும் பேசுமுன் நீரைப் பேசவேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார். அந்த வரிசையை மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் பெற்றவர்கள் நாம். அந்த வரிசையின் பொருளை நதியா மாவட்டத்து மூதாட்டி ஒருவர், ஓர் எழுத்தும் அறியாதவர், எனக்கு உணர்த்தினார்.

வரும் பங்குனியில் மீண்டும் அவ்வூர் போகிறேன். அவர் கேள்விக்கு இன்னும் முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் இம்முறை அவ்வூர்க் குழாய் நீரிலேயே எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த கணக்கு ஒன்று கையில் இருக்கிறது. பொருள் எந்த வாரத்தில் தளர்ந்தது, எதனால் தளர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறேன். பெருமைப்படத்தக்க கணக்கு அன்று. “இத்தனை நாள்தான் ஓடும், மாஷிமா, அதன்பின் மாற்றவேண்டும், மாற்றிய பழையதைக் கொல்லையில் கொட்டாமல் எங்களிடம் தரவேண்டும்” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அது போதும்.

என்னோடு வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வண்டிச் செலவு அவரவருடையது. வெறும் புட்டிகளை மறவாமல் கொண்டுவாருங்கள்.